ஆறு அடுக்கு போர்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

பதின்மூன்று வருடமாக நான் சர்க்யூட் போர்டு வரைகிறேன். முதலில் சென்னையில் ஒரு கம்பெனியில். கல்யாணத்துக்குப் பிறகு பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே அதே வேலை. எந்த சிப் எங்கே உட்கார வேண்டும், எந்தச் செம்புக் கோடு எந்த அடுக்கில் ஓட வேண்டும் என்று திரையில் முடிவு செய்வது. போன வருடம் கயத்தாறுப் பக்கக் காற்றாலைகளுக்கான ஒரு கருவிக்கு ஆறு அடுக்கு போர்டு வந்தது. என் பழைய லேப்டாப் அதைத் திறப்பதற்குள் உலை வைத்து அரிசியும் களைந்து போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

புதிய கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கம் எழுதினேன். பிராசசருக்குள் கணக்குப் போடும் கோர் எத்தனை என்பதல்ல, ஒவ்வொரு கோரின் வேகம்தான் முக்கியம். முப்பத்திரண்டு ஜிபி ரேம். நடுத்தர கிராபிக்ஸ் கார்டு. இரண்டு மானிட்டர்.

வண்ணார்பேட்டையில் கடை வைத்திருப்பவன் என் கணவரின் பழைய மாணவன். அவர் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். “நம்ம பையன்தான், நானும் வாரேன்” என்று கூடவே கிளம்பினார். கடைக்காரன் என் தாளை வாங்கினான், படித்தான், அவரிடம் நீட்டினான்.

“சார், எந்த வேலைக்கு சார்?”

பதிலை நான் சொன்னேன். அவன் அவரைப் பார்த்தே தலையாட்டினான். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன் வர, வாசலுக்குப் போய்ப் பேசினேன். திரும்பி வரும்போது ஆர்டர் கொடுத்து, பணமும் கட்டி எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் பெட்டி வந்து இறங்கியது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்குகள். போர்டின் வரைபடத்தைத் திரையில் திறந்து ஒரு சிப்பை நகர்த்தினேன். அம்புக்குறி முன்னே போக, சிப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். எட்டு ஜிபி ரேம். நிறைய கோர் உள்ள, ஆனால் வேகம் குறைந்த பழைய பிராசசர். கேம் ஆடுபவர்களுக்கான பெரிய கிராபிக்ஸ் கார்டு.

“நான் எழுதினத மாத்தச் சொன்னது யாரு அத்தான்?”

“அவன்தான் இது போதும்னான். நானும் சரின்னேன். அவன் தெரியாமலா சொல்லுதான்?”

“சரின்னு சொல்ல உங்களுக்கு இதுல என்ன தெரியும்?”

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்” என்றார்.

கத்தியிருப்பேன், கத்தினால் நான் கத்தியதுதான் பேச்சாகும். அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை பெட்டியை ஆட்டோவில் ஏற்றினேன்.

“சார் வரலையாக்கா?” என்றான் கடைக்காரன்.

“வரமாட்டாங்க. எங்கிட்ட பேசுங்க.”

“சார்ட்ட கேட்டுட்டுதானக்கா மாத்துனேன்.”

பென்டிரைவை எடுத்து, மாதிரிக்கு வைத்திருந்த ஒரு நல்ல கம்ப்யூட்டரில் போர்டைத் திறக்கச் சொன்னேன். பக்கத்திலேயே என்னுடையதிலும். ஒன்றில் சிப் விரலோடு ஒட்டியதுபோல நகர்ந்தது. மற்றதில் திரை வெளுத்து நின்றது. கடையில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“இவ்வளவு கோடா? இதெல்லாம் நீங்களா வரையுதீங்க?” என்றான் கடைக்காரன்.

“பதிமூணு வருஷமா.”

அவன் முகம் மாறியது. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். “சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மாத்திருதேன்க்கா.”

அதுவரை அடக்கியதெல்லாம் அங்கே வெடித்தது. மேஜையில் ஓங்கி அடித்தேன். “போன வையுங்க. இதுல வேல பாக்கப் போறது நான். தப்பா வந்தா பதில் சொல்லப் போறதும் நான். இனி ஒரு சாமான் மாத்தணும்னா என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க.” போனை வைத்தான். பிராசசரும் ரேமும் கார்டும் நான் எழுதியபடி மாறின. நான் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

அந்த போர்டை இரண்டே வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். கடைக்காரன் இப்போது என்னிடம் ஒழுங்காகப் பேசுகிறான். நல்லதுக்குச் செய்தேன் என்று அத்தான் சொன்னதற்கு, கோபம் ஆறியதும் பதில் சொல்லலாம் என்றிருந்தேன். இன்னும் ஆறவில்லை.