கார்டு கடனும் என் பட்டன் போனும்

மந்தாரக்குப்பத்தில் மாடி வீடு. கீழே வாடகைக்கு விட்ட கடைகள். அனல்மின் நிலையத்தில் சாரம் கட்டும் சொந்த கான்ட்ராக்ட். மகனுக்கு இன்ஜினியரிங், மகளுக்கு ஊர் வாய் பிளந்த கல்யாணம். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான் கட்டி எழுப்பியவை இவை. கம்மாபுரம் பக்கம் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. தூக்கிவிட ஒரு கை கிடையாது. பர்மனென்ட் ஆட்கள் குவார்ட்டர்ஸில் விசிறிக்கடியில் தூங்கியபோது நான் உயரத்தில் கட்டைமேல் நின்றேன். விழவில்லை. எவன் கட்டிய சாரமானாலும் ஆட்டிப் பார்க்காமல் நான் கால் வைத்ததில்லை.

மனிதர்களிடமும் அப்படித்தான். கிரெடிட் கார்டிடமும் அப்படித்தான்.

மலேசியா போகலாம் என்று மகன் கூப்பிட்டான். என் டெபாசிட்டின் பேரில் வங்கி கொடுத்த கார்டு என் சட்டைப்பையில். தேய்த்ததை அன்றன்றைக்கே கட்டிவிட வேண்டும் என்றேன்.

“பில் வந்தப்புறம் மொத்தமா கட்டிக்கலாம்பா. அதுவரைக்கும் வட்டி கிடையாது.”

“வட்டி இல்லாம கடன் குடுக்க அவன் என்னா உனுக்கு மாமனா, மச்சானா?”

‘பில் பாஸ் ஆகட்டும்’ என்ற வார்த்தையை எத்தனை ஆபீஸ் வாசலில் கேட்டுக் காத்துக் கிடந்திருக்கிறேன்! பில் என்ற பேச்சே எனக்கு ஆகாது.

என் பட்டன் போனுக்கு ரோமிங் போட்டேன். தண்டச் செலவு என்றான் மகன். வங்கியில் கொடுத்த நம்பர் அதில்தான் இருக்கிறது. விட்டுவிட்டு எப்படிப் போவது?

என் மனைவி சிரித்தாள். “பெத்த புள்ளையவே ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாங்களான்னு திருப்பித் திருப்பிப் பாத்த மனுசன்டா உங்கப்பன். கார்ட நம்புவாரா?”

கோலாலம்பூரில் முதல் நாள் சாயங்காலமே கட்டச் சொன்னேன். மகன் போனில் கணக்கைத் திறந்து காட்டினான். “இது முடிவான தொகை இல்லப்பா, மாறும்.” சில நாள் கழித்துப் பார்த்தால் தொகை ஏறியிருந்தது. எவனோ கை வைத்துவிட்டான் என்றேன். ரிங்கிட் விலை மாறியது, வெளிநாட்டுக் கட்டணம் சேர்ந்தது என்று மகன் விளக்கினான். கணக்கு சரியாகத்தான் வந்தது. எனக்குத்தான் திருப்தி இல்லை. “முடிவாயிடுச்சு இல்ல, இப்பவாவது கட்டு” என்றேன். பில் வரட்டும் என்றான்.

பினாங்கு ஓட்டலில் முன்பணம் கேட்டார்கள். மிஷின் என் கார்டைத் தள்ளிவிட்டது. இன்னொரு முறையும் தள்ளியது. லிமிட் நிரம்பிவிட்டதாம். கோலாலம்பூர் ஓட்டல் பிடித்து வைத்த முன்பணத்தையும் இன்னும் விடவில்லை. மகன் கார்டோ டிக்கெட் போட்டதிலேயே நிரம்பிக் கிடந்தது. கையில் இருந்த ரிங்கிட் சாப்பாட்டுக்கே காணாது. மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, இப்பவே கட்டிடலாமா?”

“ஏன், பில் வரட்டுமே.”

“பொண்டாட்டிய நடுரோட்ல படுக்க வெக்கிற நேரத்துல நக்கல் வேறயா?” என்றாள் அவள்.

மகன் தன் போனில் தட்டி என் கணக்கிலிருந்து கார்டுக்குப் பணம் அனுப்பப் போனான்; ஓடிபி கேட்டது. எல்லோரும் என் சட்டைப்பையைப் பார்த்தார்கள். பட்டன் போன் ‘டொய்ங்’ என்றது. நம்பரை நான்தான் படித்தேன். பணம் கார்டில் ஏறும்வரை நம்பிக்கையில்லாமல் ஓட்டல் கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மிஷின் ஒத்துக்கொண்டது. சாவி கொடுத்தார்கள்.

அதற்குப்பின் தொகை முடிவாக முடிவாகக் கட்டிக்கொண்டே வந்தோம். பில்லுக்குக் காத்திருக்கவில்லை.

ஊர் திரும்பி, வடலூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் மகன் சொல்கிறான்: “லிமிட் நிரம்பிடுச்சு மாமா. நான் உடனே கட்டி சரி பண்ணிட்டேன்.” பக்கத்து இலையில் நான்.

மகனே, எழுதியே வைக்கிறேன். விரல் உன்னுடையது, பணம், போன், சந்தேகம் மூன்றும் என்னுடையவை. இனி பினாங்கு கதையை எங்கே சொன்னாலும் “எங்கப்பா அப்பவே கட்டச் சொன்னாரு” என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அதை விட்டுச் சொன்னால், பந்தியிலேயே எழுந்து நின்று நான் சொல்வேன்.