கடைசி உருண்டைக்கு இடப்பக்கமாகப் போனேன்

அந்த விளையாட்டை நான் தேடிப் போகவில்லை. மகளோடு முகம் பார்த்துப் பேசி முடித்து போனை வைக்கப் போகையில் ஒரு விளம்பரம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டால் போய்விடும் என்று தொட்டேன். போகவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கறுத்த வானம். அதில் ஒரு பச்சை உருண்டை. உருண்டையின் உச்சியில், வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் கண்ணாடிக் குல்லா மாட்டிய ஒரு சின்ன உருவம். ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது.

முகம் தெரியவில்லை. எனக்கு அது பொம்பளைப்பிள்ளை என்றுதான் பட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். இங்கிலீஷில் எழுத்து தெரியும், சேர்த்து வாசிக்க வராது. அந்த விளையாட்டுக்கு எழுத்தே வேண்டியதில்லை. இடப்பக்கம் போக ஒரு அம்பு, வலப்பக்கம் போக ஒரு அம்பு, தாவுவதற்கு ஒரு வட்டம். லேசாகத் தொட்டால் கொஞ்சத் தூரம் தாவும். அமுக்கிப் பிடித்தால் எட்டப் போய் விழும். வழியில் கிடக்கிற நட்சத்திரங்களைப் பொறுக்க வேண்டும். முதுகில் இருக்கிற காற்றுக்குப்பி தீருவதற்குள் கதவுக்குப் போய்ச் சேர வேண்டும். கதவுக்குள் நுழைந்தால் அடுத்த உருண்டை.

தாவுவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் கரிசல் காடு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆட்டுக்குப் பின்னால் போகிறவள் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். எது தாண்டுகிற வெடிப்பு, எது சுற்றிப் போகிற வெடிப்பு என்று கண் பார்க்கும்போதே கால் முடிவு பண்ணிவிடும். இப்போது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. அந்தக் கணக்கெல்லாம் பெருவிரலுக்கு வந்துவிட்டது.

விளையாட நேரம் ஏது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் காத்திருப்பதுதான் பாதி வேலை. நூறு நாள் வேலைக்குப் போனால் வந்த ஆட்களைப் போட்டோ பிடிக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். திருச்சுழிக்குப் போவதென்றால் ஷேர் ஆட்டோ நிறையக் காத்திருக்க வேண்டும். மற்றப் பொம்பளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு நாலு பேருக்கு நடுவில் வாய் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என்னிடம் ஒன்று கேட்டால் என் வீட்டுக்காரர்தான் பதில் சொல்லுவாக. டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது?" என்றால், பக்கத்திலிருந்து அவுக, "இடுப்புல சார்" என்பாக. வலி முழங்காலில் இருக்கும்.

அதனால் மற்றவர்கள் பேசுகிற நேரத்தில் நான் போனின் சத்தத்தை அடைத்துவிட்டு, முந்தானை மறைவில் உருண்டை உருண்டையாகப் போய்க்கொண்டிருந்தேன்.

எந்த உருண்டையையும் நான் வலமாகத்தான் சுற்றுவேன், கடிகார முள் போகிற பக்கமாக. கோயிலில் நவக்கிரகத்தை அப்படித்தானே சுற்றுகிறோம். இதுவும் கோள்தான். ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாக.

"ஏ இந்தா, இடப்பக்கம் பாரு, ரெண்டு தாவுல கதவு நிக்குது. நீ என்னடான்னா ஊரைச் சுத்திக்கிட்டுப் போற?"

"கோளுங்க இது. இடமாச் சுத்தக் கூடாது."

"போனுக்குள்ள இருக்குறதுக்கும் வலம் இடமா? அப்ப தேங்காய் பழமும் வாங்கிட்டு வாரேன், ஒடைச்சுட்டு வெளையாடு."

வளையம் போட்ட ஒரு உருண்டை வந்தது. அதுதான் சனி என்று மகள் முன்னே எப்போதோ சொல்லியிருந்தாள். அதற்கும் அவுக சும்மா இருக்கவில்லை. "ஊர் ஒலகத்துல சனிதான் ஆளைத் தேடி வந்து பிடிக்கும். என் பொண்டாட்டி தானாப் போயி சனியைப் பிடிச்சிருக்கா!" என்று தெருவில் போகிறவனைக் கூப்பிட்டுச் சொன்னாக. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். இருந்தாலும் அந்த உருண்டையை மட்டும் சனிக்கிழமையில் தொடவில்லை.

சுற்றிப் போனதில் நஷ்டமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லா உருண்டைகளையும் சேர்த்துக் காட்டுகிற படம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றின் கீழேயும் மூன்று நட்சத்திரக் கூடு இருக்கும், வழியில் பொறுக்கின அளவுக்கு அது நிறையும். எனக்கு அத்தனையும் மஞ்சளாக நிறைந்திருந்தது. குறுக்கு வழியில் போயிருந்தால் பாதி வெறுங்கூடாகக் கிடந்திருக்கும். அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். மழை சரியாகப் பெய்த வருசத்தில் எங்கள் காட்டில் பருத்தி வெடித்து நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதில் ஒன்றல்ல, இரண்டு உருண்டைகள். இரண்டும் கறுப்பு. நடுவே பாம்பு உடம்பு மாதிரி வளைந்து வளைந்து ஒரு பாதை. கதவு இரண்டாவது உருண்டையின் அடியில் இருந்தது. வலப்பக்கம் போனால் எதிர்க்காற்று அடித்துத் தூக்கிப் போட்டுவிடும். நின்று தாவினேன், ஓடித் தாவினேன், காற்று ஓய்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தாவினேன். விழுந்தேன். நாள்கணக்கில் விழுந்தேன். வேறு யாராவது என்றால் இடப்பக்கம் போய்ப் பார்த்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

அப்போதுதான் அருப்புக்கோட்டையிலிருந்து மகள் பேசினாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை நீயும் அப்பாவும் வாங்க. ஒனக்குப் புதுப்போனு வாங்கி வச்சிருக்கேன். பழசை எங்க அத்தைக்குக் குடுத்துருவோம், அவுக கேட்டுக்கிட்டே இருக்காக."

அத்தை என்றால் அவளுடைய மாமியார், எனக்குச் சம்பந்தியம்மா.

"பழசுல இருக்குறதெல்லாம்?"

"போட்டோவைப் புதுசுக்கு மாத்திருவேன். மத்ததைச் சுத்தமா அழிச்சுட்டுத்தான் குடுக்கணும். ஏன், என்ன வச்சிருக்க அதுல?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேனே தவிர, போனை வைத்ததும் அந்த மஞ்சள் படத்தைத்தான் திறந்து பார்த்தேன். புதுப்போனில் மறுபடியும் பச்சை உருண்டையிலிருந்து தொடங்கிவிடலாம்தான். ஆனால் நான் போன இடம் இது. அந்தக் கடைசிக் கதவைத் திறக்காமல் அழித்துவிட்டால், போனதற்கு என்ன அடையாளம்? வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக உட்கார்ந்தேன். குதிரைவாலிச் சோறு அடி பிடித்தது. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எந்தக் கோள்ல இருந்து சோறு வந்துருக்கு?" என்றாக. வியாழக்கிழமை படுக்கிறவரைக்கும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் திருச்சுழியில் இறங்கினோம். தாலுகா ஆபீஸில் ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வாரேன் என்று அவுக போனாக. அவுக ஆளைப் பார்க்கப் போனால் சீக்கிரம் வருகிற வழக்கம் கிடையாது. நான் கோயிலுக்குள் போனேன். சாமி கும்பிட்டுவிட்டு நவக்கிரகத்துக்கு வந்தேன். கால் சுற்றிக்கொண்டிருந்தது, மனசு கறுப்பு உருண்டையில் விழுந்துகொண்டிருந்தது. வலமாகச் சுற்ற வேண்டியதை முடித்தேன். கடைசி இரண்டு சுற்றுக்கு உடம்பு தானாகத் திரும்பியது. ராகுவுக்கும் கேதுவுக்கும் இடமாகச் சுற்ற வேண்டும் என்பது எங்கள் அம்மா பழக்கிவிட்டது. அந்த இரண்டு பாம்புக் கோளும் மற்றக் கோள்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறவை என்பாள். அப்படிச் சுற்றக் கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அம்மா சொன்னபடிதான் செய்வேன்.

பாதிச் சுற்றில் நின்றுவிட்டேன். இரண்டு உருண்டை. இரண்டும் கறுப்பு. நடுவில் பாம்பு.

எனக்குப் பின்னால் சுற்றி வந்த யாரோ ஒரு அம்மா என் முதுகில் முட்டிக்கொண்டு, "என்னம்மா, நடுவுல நின்னுட்டீக, தலை சுத்துதா?" என்றார்கள். எப்போதும் தலையாட்டிவிட்டு ஒதுங்குகிறவள், அன்றைக்கு அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மிச்சச் சுற்றை அவசரமில்லாமல் முடித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தேன்.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர் பின்சீட்டில் யாரோ தெரிந்தவரோடு உட்கார்ந்து பேசப் போய்விட்டாக. என் பக்கத்தில் பூ மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு பெண், மல்லிகை மொட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்து, இடப்பக்க அம்பைத் தொட்டேன்.

காற்று முதுகுக்கு வந்துவிட்டது! இத்தனை நாளாகத் தள்ளிவிட்ட காற்று, இப்போது ஏந்திக்கொண்டு போனது. வேகம் பிடிபடாமல் முதல்தரம் எட்டப் போய் விழுந்தேன். அடுத்ததரம் லேசாக, லேசாக, வெடிப்பு விளிம்பில் கால் வைக்கிற மாதிரி. முந்தானைக்குள் ஒளித்துக்கொள்ள மறந்துபோனேன்.

"ஏ ஆத்தி, விழப் போகுது!" என்று பூக்காரப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"கையை விடு தாயி, நான் பார்த்துக்கிறேன்."

"முதுகுல இருக்குற குப்பி செவப்பாயிருச்சு பெரியம்மா, வெரசாப் போங்க!"

கண்டக்டர் பிரீ டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு நின்று பார்த்தார். "பெரியம்மா, நம்ம பஸ்ஸு அருப்புக்கோட்டை வரைக்குந்தான் போகும். அதுக்கு மேல டிக்கெட்டு இல்ல."

பஸ்ஸில் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் உயிர் போயிருக்கும். எனக்கு அப்போது நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பாம்புப் பாதை முடிந்து இரண்டாவது உருண்டை. அதன் அடிவயிற்றில் தலைகீழாக ஓடினேன். கடைசி நட்சத்திரத்தைப் பொறுக்கிவிட்டுத்தான் கதவுக்குள் நுழைந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் உருண்டை இல்லை. மேகம் மாதிரி ஒரு மேடு. என் வெள்ளைச்சட்டைப் பிள்ளை அதில் ஏறி, விளிம்பில் கால் இரண்டையும் தொங்கப் போட்டு உட்கார்ந்தது. நின்றால் குதித்துக்கொண்டே இருக்குமே, அது முதன்முதலாக உட்கார்ந்தது. கீழே தூரத்தில், நாங்கள் சுற்றி வந்த உருண்டைகள் எல்லாம் மணி மணியாகத் தெரிந்தன. பூக்காரப் பெண் பையிலிருந்து ஒரு கை மொட்டை அள்ளி என் மடியில் போட்டாள்.

மகள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் புதுப்போனை என் கையில் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. பழசை மகள் எடுத்துக்கொண்டாள். சம்பந்தியம்மா சேலைத்தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கத் தயாராக நின்றாக.

"ரெண்டு நிமிசம் அத்தை, எல்லாத்தையும் அழிச்சுட்டுத் தாரேன்."

"அழிக்காத" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"அப்படி என்ன மதினி ரகசியம் வச்சிருக்கீக?" என்று சம்பந்தியம்மா சிரித்தாக. "அண்ணனுக்குத் தெரியாம நகை கிகை வாங்கிப் போட்டிருக்கீகளா?"

என் வீட்டுக்காரர் வழக்கம்போல முந்திக்கொண்டாக. "அது ஒண்ணுமில்ல, இவ ஒரு கோட்டிக்காரி, சும்மா…"

"சும்மா இல்ல" என்றேன். "இருக்குற கோளெல்லாம் போயி வந்திருக்கேன். ஒரு நட்சத்திரம் விடல. அதை அழிக்கக் கூடாது."

மகள் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிவரைக்கும் போனாள். "எல்லாம் நீயாம்மா? யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பா?"

"எங்க, போட்டுக் காட்டுங்க பாப்போம்" என்று சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாக. கடைசி உருண்டையைத் திறந்தேன். பாம்புப் பாதையில் ஒருதரம் விழுந்தேன். "போச்சு" என்றாக என் வீட்டுக்காரர். மறுபடி இடமாகப் போனேன். கதவு திறந்தது, பிள்ளை மேட்டில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம் என் வீட்டுக்காரர் சம்பந்தியம்மாவைப் பார்த்து, "நானும் பக்கத்துலயேதான் இருந்தேன்" என்றாக. என்னமோ உதவி செய்ததுபோலச் சொன்னாக!

அந்த விளையாட்டில் ஆளுக்கொன்று என்று மூன்று பெட்டிகள் இருக்கின்றன. முதல் பெட்டி என்னுடையது. மகள் அதை அழிக்காமல், இரண்டாவது பெட்டியைச் சம்பந்தியம்மாவுக்குத் திறந்துகொடுத்தாள். என் புதுப்போனில் நான் இன்னும் எதையும் தொடங்கவில்லை. அவசரமில்லை. அருப்புக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் சம்பந்தியம்மா பழைய போனை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவாக. திறந்ததும் மேலே முதலில் தெரிவது என் பெட்டி, மஞ்சள் நிறைந்து.

நேற்று சம்பந்தியம்மாவே போனில் கூப்பிட்டாக. "மதினி, இந்தச் செவப்பு உருண்டையில மூணு நாளா விழுந்துக்கிட்டே இருக்கேன். எப்படித்தான் போனீக?"

என் வீட்டுக்காரர் பழக்கத்தில் கையை நீட்டினாக. "குடு, என்னன்னு நான் சொல்றேன்."

"ஒங்களுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, விவரமாகச் சொல்லத் தொடங்கினேன்.