நூற்று அறுபத்தெட்டாவது கம்பம்

திம்மப்பன் யாரையும் நம்பமாட்டார். பால் ஊற்ற வருகிற வெங்கடம்மாளின் செம்பை மோந்து பார்ப்பார். ஜோசியன் நல்ல பலனாகச் சொன்னால், இவனுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்று யோசிப்பார். தாலி கட்டும்போது கூட ஐயர் மந்திரத்தைப் பாதியில் விழுங்கிவிடுகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்.

இப்படிப்பட்டவருக்கு ஓசூர்ச் சாலையோரத்துச் சின்ன டெலிபோன் ஆபீசில் லைன் அட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அது ஐம்பத்தேழாம் வருஷம். மொத்தமே நாற்பத்திரண்டு டெலிபோன்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. யார் வீட்டில் இருக்கிறது, எத்தனை கம்பங்களைத் தாண்டிப் போகிறது, என்ன கம்பி, கடைசியாக எப்போது யார் கை வைத்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். லைன் கெட்டால் அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஆள் அனுப்பவேண்டும். அட்டை பொய் சொன்னால் ஆள் வெயிலில் அலைவான். அதனால் திம்மப்பன் அட்டைகளைப் பீரோவில் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்து வைத்துக்கொண்டார்.

லைன்மேன் ராமப்பன் கெலமங்கலம் பக்கத்தில் குடியிருந்தான். கம்பத்தை நகர்த்தினாலும் கம்பியை மாற்றினாலும் அன்றன்றைக்கு ஆபீசுக்கு வந்து சொல்ல முடியாது. அங்கே இருக்கிற யாரையாவது விட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கி, அடியில் கைநாட்டு வைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவான். திம்மப்பன் அதைப் பார்த்து அட்டையைத் திருத்துவார். மனசுக்கு ஒப்பாத சீட்டைத் திருத்தமாட்டார். பின்புறத்தில் காரணத்தை எழுதி, விசாரித்துப் போடலாம் என்று தனிக் கட்டாகக் கட்டி வைப்பார். விசாரிக்கத்தான் நேரம் கிடைக்காது. சந்தேகப்பட எப்போதும் நேரம் இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பம் எண்ணக் கிளம்பினார். யாரும் அவரை எண்ணச் சொல்லவில்லை. பத்துக் கம்பத்துக்கு ஒரு கூழாங்கல் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். பதினேழாம் நம்பர், ஆறு மைலுக்கு அப்பால் இருந்த கடலை எண்ணெய் மில். அட்டைப்படி நூற்று அறுபத்தேழு கம்பங்கள். எண்ணிக்கையில் ஒன்று கூடியது. திரும்பி வரும்போது மறுபடி எண்ணினார். அப்போதும் நூற்று அறுபத்தெட்டு.

கூடுதல் கம்பம் மில் வாசலை ஒட்டி நின்றது. அதற்குப் பத்தடி தள்ளி, நிலக்காரர் கிருஷ்ணப்பனின் புது மச்சு வீடு. திம்மப்பனுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. ஆகா, சர்க்கார் கம்பத்தைத் திருடி நட்டு, மச்சு வீட்டுக்குத் திருட்டு லைன் இழுக்கப் பார்க்கிறான் ராமப்பன்! வீட்டுக்குக் கம்பி எதுவும் போகவில்லைதான். இன்னும் இழுக்கவில்லை, அவ்வளவுதானே?

ராமப்பனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவான் என்று கேட்கவில்லை. மேலே ரிப்போர்ட் எழுதிவிட்டார். ஒன்பது வருஷம் தினக்கூலியாகக் கம்பம் ஏறியவன் ராமப்பன். அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியவன். ரிப்போர்ட் போன மூன்றாம் நாளே அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணையில் திருட்டு என்று முடிவானால் வேலையும் போகும், போலீசும் வரும். அது தெரிந்துதான் திம்மப்பன் எழுதினார்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில், ராமப்பனின் பழைய கைநாட்டுச் சீட்டுகளை எடுத்து வைக்கலாம் என்று பீரோவைக் குடைந்தார். தனிக் கட்டிலிருந்து, அவர் அடியோடு மறந்துபோயிருந்த ஒரு சீட்டு விழுந்தது. பதினேழாம் நம்பர். மில் வாசலில் மூட்டை லாரி கம்பியில் இடிக்கிறது, கழித்துப்போட்ட பழைய கம்பம் ஒன்றை நட்டுக் கம்பியை உயர்த்தியிருக்கிறது என்று மில் குமாஸ்தாவின் கையில் எழுதியிருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அடியில் கைநாட்டு இல்லை. ராமப்பன் என்று கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. பின்புறம் திம்மப்பனே எழுதியிருந்தார்: "கைநாட்டுக்காரனுக்குக் கையெழுத்து ஏது? மில்காரன் வேலை. நம்பாதே."

இந்தச் சீட்டு இருப்பது திம்மப்பனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கிழித்துப்போட ஒரு நிமிஷம் போதும். சீட்டைப் பாதியாக மடித்தார், கால்வாசியாக மடித்தார். வாசலில் ராமப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி சுத்தமாக, வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தான். திம்மப்பனால் கிழிக்க முடியவில்லை. சந்தேகப் பிராணிதான், ஆனால் அயோக்கியர் இல்லை.

இன்ஸ்பெக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்தார்.

"எட்டு மாசமா இல்லாத சீட்டு, நான் வர்ற அன்னைக்குக் காலையில வந்துருச்சா? ரிப்போர்ட் எழுதினதும் நீங்க, காப்பாத்தறதும் நீங்க. திம்மப்பன், உங்களுக்கும் இவனுக்கும் நடுவுல என்ன ஏற்பாடு?"

திம்மப்பனின் காது மடல் கொதித்தது. முப்பது வருஷமாக அவர் ஊராரைப் பார்த்த அதே பார்வை. அவமானமாக இருந்தது. சீட்டைத் திருப்பி வைத்தார். இன்ஸ்பெக்டர் பின்பக்கத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு ராமப்பனை உள்ளே கூப்பிட்டு, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். அவன் பேனாவை உளி பிடிப்பதைப் போலப் பிடித்து, மூச்சை அடக்கி, மெதுவாகப் போட்டு முடித்தான். அதே கோணல், அதே மாணல்.

"இவன் நாளைக்கே வேலைக்கு வரட்டும். உங்களுக்குத் தனியா மெமோ வரும்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார்.

வாசலில் இருவரும் மட்டும் நின்றார்கள். மன்னிப்புக் கேட்கத் திம்மப்பனுக்கு வாய் வரவில்லை. குறை சொல்லத்தான் வந்தது.

"ஏம்ப்பா, கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன், அப்புறம் வந்த சீட்டுல எல்லாம் எதுக்கு மறுபடி கைநாட்டு வெச்ச? அதைப் பாத்ததுக்கு அப்புறம்தானே, மொதல்ல வந்தது பொய்க் கையெழுத்துன்னு எனக்கு நிச்சயமாச்சு?"

ராமப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"பொண்ணு சிலேட்டுல எழுதிக் குடுத்துச்சு சாமி. மூணு மாசம் பழகினேன். மொதமொதல்ல போட்டு அனுப்புன கையெழுத்து அதுதான். நீங்க பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவீங்கன்னு, பஸ்ஸு வரப்ப எல்லாம் ஓடிப்போய்க் கண்டக்டரைக் கேட்டுக்கினே இருந்தேன். ஒண்ணும் வரல. சரி, நாம தப்பாப் போட்டுட்டோம் போலக்குதுன்னு நெனைச்சிக்கினு, பழையபடி கட்டைவெரலையே வெச்சிட்டேன்."