புதன்கிழமை கடைசிப் பீரியடு

தெய்வநாயகி மேடத்துக்குச் சத்தமே ஆகாது. அப்படிப்பட்ட மனுஷியை ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து தூக்கிக் கொண்டுவந்து குமாரபாளையத்தில் போட்ட புண்ணியவான் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் ஊரில் விசைத்தறி ஓடாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேடத்துக்கு வாடகைக்குக் கிடைத்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிப் பட்டறை.

"பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்களா கெட்டவங்களான்னே தெரியல டீச்சர். பேசினாத்தானே தெரியும்? நான் ஒண்ணு கேட்டா அவங்க 'ஆ?'ங்கறாங்க. அவங்க ஒண்ணு சொன்னா நான் 'ஆ?'ங்கறேன். அதோட சரி" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வந்து சில வருஷம் ஆகியும் ஊரில் பேச ஆளில்லாமல் தனியாக இருக்கிறவர் அப்படிச் சிரித்தது எனக்கு என்னவோ போலிருந்தது.

கிளை நூலகத்தின் நூலகர் அவர். வந்த புதிதில் ஒவ்வொரு பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினார். "பாடம் நடத்த என்ன புத்தகம் வேணும்னாலும் கேளுங்க, எடுத்து வைக்கறேன். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க, இடம் தர்றேன்" என்பார். தலைமையாசிரியர்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் பள்ளியில் அந்த டீயும் கிடையாது. அன்றைக்கு ஆபீஸ் அறையில் நான் இருந்ததால் வாசல்வரை கூடவே போய்ப் பேசினேன்.

நான் அன்புச்செல்வி. ஐந்தாம் வகுப்பு டீச்சர். இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் வாக்கப்பட்டவள். அடுத்த வாரம் ஆறுகளைப் பற்றிப் பாடம் என்று மேடத்திடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் போனால் ஒரு கட்டுப் புத்தகம் எனக்காகக் காத்திருக்கிறது. எந்தப் பக்கத்தில் படம், எந்தப் பக்கத்தில் கதை என்று கிழித்த தினசரி காலண்டர் தாள்களைச் செருகி வைத்திருந்தார். ஒரு டீச்சருக்கு இப்படி யாராவது செய்தால் கண் கலங்காமல் என்ன செய்யும்? இத்தனை வருஷத்தில் என் பாடத்தைப் பற்றி எனக்கு முன்னால் யோசித்த முதல் ஆள் அவர்தான்.

அதற்கப்புறம்தான் புதன்கிழமை கடைசிப் பீரியடுக்குப் பிள்ளைகளை நூலகத்துக்கே கூட்டிப்போகத் தொடங்கினேன். என் பிள்ளைகள் பாடப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் அலமாரி முன்னால் நின்று, தானாக ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிற சுகத்தை ஒருவரும் கண்டதில்லை. அந்தச் சுகம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

கிடைத்தது. கூடவே ரகளையும் வந்தது.

"டீச்சர்! இதுல ஆமை முட்டை போடுதுங்க!" என்று ஒரு மூலையிலிருந்து ரஞ்சிதா கத்தினாள். "எங்கெடி? எங்கெடி?" என்று எதிர்மூலை கத்தியது. மேடம் காதைப் பொத்தாமல் நின்றதே பெரிய காரியம். ஜன்னலோர மேசையில் யோகேஷ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யோகேஷ் கெட்ட பையன் இல்லை. குரூப் ஃபோர் தேர்வில் இரண்டு தடவை மயிரிழையில் விட்டவன். வீட்டில் தறிச் சத்தத்தில் படிக்க முடியாமல்தான் காலையிலிருந்து நூலகத்தில் கிடக்கிறான். இங்கேயும் சத்தம் என்றால் அவன் எங்கே போவான்? மேலிடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

"இன்னொரு புகார் வந்தா வகுப்பா கூட்டிட்டு வர்றதை நிறுத்திடணுமாம்" என்றார் மேடம். முகம் வாடியிருந்தது.

நான் பிள்ளைகளைப் பிடித்துத் திட்டினேன். உதட்டில் விரலை வைத்து உட்காரப் பழக்கினேன். "டீச்சர், நான் மெதுவாத்தானுங்க பேசறேன்!" என்றாள் ரஞ்சிதா. அதைக் கேட்டு ஜன்னலில் இருந்த காக்கா பறந்துபோனது. வேடிக்கை என்னவென்றால் அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் மெதுவு.

எனக்கு நம்பிக்கை போய்விட்டது. "விட்டுருங்க மேடம். உங்க வேலைக்கு எதுக்கு வம்பு?" என்றேன்.

"வேலை எங்க போகும் டீச்சர்? புதன்கிழமைதான் போகும்" என்றார் அவர். சற்று யோசித்துவிட்டு, "இந்தப் பிள்ளைங்க வீட்டை ஒரு தடவை பாக்கணுமே" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ரஞ்சிதா வீட்டுக்குப் போனோம். வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் பட்டறை. ரஞ்சிதாவின் அம்மா ராசாத்தி தறிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். நான் வாசலிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. ரஞ்சிதா என்னைத் தாண்டிப் போய்ப் பட்டறை வாசலில் நின்று கையை மட்டும் உயர்த்தினாள்.

ராசாத்தி நிமிர்ந்தாள். மோவாயைத் தூக்கி யாரென்று கேட்டாள். ரஞ்சிதா ஒரு விரலால் உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள், டீச்சராம். அப்புறம் இரண்டு கையையும் புத்தகம்போல விரித்தாள், அது மேடம். ராசாத்தியின் முகம் மாறியது. என்ன வம்பு பண்ணினாய் என்று விரலை ஆட்டினாள். இவள் ஒன்றுமில்லை என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ராசாத்தி கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்து இரண்டு விரலைக் காட்ட, ரஞ்சிதா டீ வாங்க ஓடினாள். இவ்வளவு பேச்சுக்கும் ஒரு சொட்டுச் சத்தம் கிடையாது. ராசாத்தியின் கண் பாதி தறியிலேயே இருந்தது.

மேடம் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம் இது. பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு மறைந்தே போயிருந்தது.

ராசாத்தி வெளியே வந்தாள். "ஏனுங்க டீச்சர், புள்ள ஏதாச்சும் சேட்டை பண்ணிப்போட்டாளுங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க" என்று மேடமே முந்திக்கொண்டார். "தறி ஓடுதுன்னு கையில எப்படிச் சொல்லுவீங்க?"

ராசாத்தி எங்களை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மூடி முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினாள். "இது எதுக்குங்க உங்களுக்கு?" விஷயத்தைச் சொன்னோம். "அட, அவ்வளவுதானுங்களா! புதங்கெழமை என்னாச்சுன்னு எனக்கும் சொல்லோணுங்க" என்றாள்.

புதன்கிழமை வந்தது. யோகேஷ் நாங்கள் வருவதைப் பார்த்ததும் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

மேடம் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தினார். அமைதி என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. இரண்டு கையையும் மூடி முன்னும் பின்னும் ஆட்டினார். "உள்ள தறி ஓடுது" என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஞ்சிதாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லா வாயும் மூடியது, எல்லாக் கையும் எழுந்தது. உள்ளே போய் அலமாரிகளுக்கிடையில் பரவி, மூலைக்கு மூலை பேசத் தொடங்கினார்கள். ஒருத்தன் தும்பிக்கை போட்டுக் காட்டினான். ஒருத்தி பாம்பு நெளித்தாள். ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டு, அதுவும் கையிலேயே தீர்ந்தது. சுவர்க் கடிகாரத்தின் ஓட்டம் எனக்குக் கேட்டது.

அப்போது ரஞ்சிதா புத்தகத்தில் எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பட்டறைச் சிரிப்பு. கூரை வரைக்கும் போனது. பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். யோகேஷ் தலையைத் தூக்கினான். அவன் கை செல்போன் பக்கம் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கை செல்போனைத் தாண்டி மேலே எழுந்தது. மோவாயைத் தூக்கி, விரலைத் திருப்பி, என்னவென்று கேட்டான். அவனும் தறிவீட்டுப் பையன்தானே? யோசித்துச் செய்த மாதிரியே தெரியவில்லை. ரஞ்சிதா புத்தகத்தைத் திருப்பி அவனுக்குக் காட்டினாள். சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற கரடி. அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் புத்தகத்துக்குத் திரும்பினான்.

பீரியடு முடிந்ததும் நான் அவனிடம் போய், "தம்பி, தொந்தரவா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க டீச்சர். பிள்ளைங்க வரட்டுமுங்க" என்றான்.

சாயங்காலம் தெய்வநாயகி மேடத்தோடு அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன். அடுத்த பாடத்துக்கான புத்தகக்கட்டு அவர் கையில் இருந்தது. நான் கேட்டும் கொடுக்கவில்லை. அவர் புத்தகத்தை யாரும் சுமக்க அவர் ஒப்பமாட்டார். ராசாத்தியின் பட்டறை ஜன்னலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு கை ஆடியது. என்னாச்சு என்று மோவாயைத் தூக்கிக் கேட்டாள் ராசாத்தி. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் தறியை விட்டுத் தலையை நீட்டினார்கள்.

மேடம் நின்றார். புத்தகக்கட்டை என் கையில் திணித்தார். பதில் சொல்ல அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.