அவர் குடிக்கவில்லை

ஈப்போவில் சனிக்கிழமைதோறும் நடந்த அந்த வகுப்பில் நான் சேர்ந்தது படிப்பதற்காக இல்லை. தலையில் அடிபட்டவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தாதியருக்கும் தெரபிஸ்டுகளுக்கும் எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த வகுப்பு. சிலர் பாசத்தில் வந்திருந்தார்கள். சிலரை வேலை பார்க்கும் இடம் அனுப்பியிருந்தது. நான் ஒரே ஒரு ஆளின் மூக்கை உடைப்பதற்காகப் போனேன். அந்த ஆள் என் கணவரின் அண்ணன், என் மூத்தார். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

என் கணவர் லோரி ஓட்டியவர். ஒருநாள் லகாட்டில் லோரியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும்போது ஒரு கார் இடித்துத் தள்ளியது. மண்டை ஓட்டைத் திறந்து மூடினார்கள். மூன்று வாரம் கழித்து மருந்துப் பையையும் மலாயில் அச்சடித்த ஒரு தாளையும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நடக்கிறார், பேசுகிறார், ஆள் பிழைத்துக்கொண்டார் என்று சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாலும், "சாப்பிடுங்க" என்று நான் சொல்லும்வரை தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? பழசெல்லாம் நன்றாக நினைவிருந்தது. நேற்று நடந்தது நிற்கவில்லை. பிளெண்டரைப் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார். மூத்தார் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். வீட்டிலேயே வைத்திருந்தால் இப்படித்தான் சோம்பேறி ஆவான், வேலைக்கு அனுப்பு என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிறந்த தோட்டம் இப்போது செம்பனைக் காடு. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். கோயிலும் அதை ஒட்டிய மண்டபமும் மட்டும் நிற்கின்றன. ஆடித் திருவிழாவுக்கு எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் எல்லாம் வேன் பிடித்து வந்துவிடுவார்கள். கோயில் தலைவர் மூத்தார்தான். விபத்து நடந்து ஐந்து மாதத்தில் அந்தத் திருவிழா வந்தது. நானும் இவரைக் குளிக்கவைத்து, மஞ்சள் வேட்டி கட்டிவிட்டு, பிள்ளைகளோடு அழைத்துக்கொண்டு போனேன்.

உருமி மேளம் தொடங்கியதும் காதைப் பொத்தினார். கண் மேலே சொருகியது. வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. எங்கள் கோயிலில் ஒருவர் அப்படி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாமி வந்துவிட்டது. சாமி வந்தவரைக் கீழே விழ விடக் கூடாது. இரண்டு பேர் இடுப்பில் துண்டைப் போட்டுப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார்கள். சாமி நன்றாக இறங்கட்டும் என்று உருமிக்காரர்கள் நெருங்கிவந்து காதோரத்தில் அடித்தார்கள். வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பு ஓய்ந்தது. பார்த்தால் வேட்டி நனைந்திருந்தது. கண்ணைத் திறந்தவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பழத்தைத் துப்பினார், உருமிக்காரரைப் பிடித்துத் தள்ளினார், சன்னிதிக்கு நேராக நின்று காது கூசும்படி கெட்ட வார்த்தை பேசினார். சாமி வந்த வாய் அப்படிப் பேசுமா? மூத்தார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வந்த வேகத்தில் கன்னத்தில் ஒன்று விட்டார்.

"சம்சு குடிச்சிட்டு சாமி ஆடுறியா? இனிமே இந்தக் கோயில் வாசல மிதிக்காத."

மலிவுச் சாராயத்தின் பெயரைச் சொல்லி, பெற்ற பிள்ளைகள் பார்க்க, சொந்தத் தம்பியை. அதை யாரோ ஒரு புண்ணியவான் கைப்பேசியில் பிடித்திருந்தான். நாற்பது வினாடி. பாரிட் புந்தாரில் இருக்கும் என் நாத்தனார் வீடுவரை அது போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் இவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "நான் குடிச்சனா?" இல்லை என்றேன். அண்ணன் சும்மா அடிக்கமாட்டாரே என்றார். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். முந்தின வேளை சாப்பிட்டது நிற்காத தலையில் அந்த அறை மட்டும் எப்படியோ நின்றுவிட்டது. நான் சொன்ன பதில்தான் நிற்கவில்லை. ஆயுசில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர், குடித்துவிட்டோமோ என்று ஒவ்வொரு காலையும் என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஆயிரம் தடவை சொல்லி என்ன? அடித்தவன் வாயால் வர வேண்டும். "நீ குடிக்கல" என்று அந்த வாய் சொல்ல வேண்டும், அதுவும் அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால். சொல்ல வைக்காமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்த தெரபிஸ்ட் பெண்ணிடம் நாற்பது வினாடியையும் காட்டினேன். தமிழ்ப்பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டாள். அவர்கள் தாங்கிப் பிடித்தார்கள், அவர்கள் மேளம் அடித்தார்கள், அவர்கள் பழத்தைத் திணித்தார்கள் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அக்கா, இது சாமியும் இல்ல, சம்சுவும் இல்ல. வலிப்பு."

டாக்டரிடம் சொல்லி அதற்குத் தனியாக மாத்திரை எழுத வைத்தவளும் அவள்தான், தான் நடத்தும் வகுப்பைப் பற்றிச் சொன்னவளும் அவள்தான்.

சனிக்கிழமைகளில் என் கேண்டீன் வேலையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். இவர் கடைசி வரிசையில் தூங்கிவிடுவார். நான் முதல் வரிசை. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் வைக்காதே. இறுக்கிப் பிடிக்காதே. கடிகாரத்தைப் பார். சத்தத்தைக் குறை. முடிந்த பிறகு ஆள் தெரியாமல் தள்ளலாம், திட்டலாம், உடையிலேயே சிறுநீர் போகலாம், அவர் மேல் குற்றமில்லை. இந்தக் கடைசி வரியின் கீழே மூன்று கோடு போட்டேன். ஒவ்வொரு பாடமும் மூத்தாருக்கு எதிரான சாட்சி. பாயில் படுத்து வலிப்பு வந்ததுபோல நடித்த ஒரு தாதியை நான் தோளில் கைகொடுத்துப் புரட்டிய விதத்தைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். என் மனசு கோயில் மண்டபத்து மேடையில் இருந்தது. ஒருநாள் தெரபிஸ்ட் பெண், குடும்பத்தினரைக் குறை சொல்லாதீர்கள், அவர்களுக்குத் தெரியாமல் நடந்ததுதான் என்றாள். அதை மட்டும் நான் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. கோயில் மண்டபத்தில் இந்த வகுப்பை ஒருநாள் நடத்தலாமா என்று அவளிடம் கேட்டேன். தோட்டத்து மக்களிடம் நேரில் போய்ப் பேசுவது நல்லதுதானே என்று சந்தோஷமாகச் சம்மதித்தாள், பாவம். மூத்தாரிடம் ஆள்விட்டு, தலைமை தாங்க வேண்டும் என்று கேட்டோம். மாலை என்றால் அவர் கழுத்து தானாக நீளும். ரோஜா மாலையை நானே போய் பாசார் பூக்கடையில் கட்டச் சொல்லி வாங்கினேன். நல்ல கனமான மாலை.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. உருமிக்காரர்களும் வந்திருந்தார்கள். மைக் சத்தம் ஆகாது என்பதால் இவரை வெளியே செருப்பு விடும் இடத்துப் பெஞ்சில் உட்காரவைத்தேன். மூத்தார் பார்த்துவிட்டு மேடைக்குப் போனார். தெரபிஸ்ட் வலிப்பைப் பற்றி விளக்கி முடித்ததும், வீட்டில் வைத்துப் பார்ப்பவர் என்ற முறையில் என்னை அழைத்தாள். கைப்பேசியைத் திரையில் இணைத்து நாற்பது வினாடியைப் போட்டேன். அறை விழுந்த சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. மைக்கை எடுத்துக்கொண்டு மூத்தார் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, இவரு அன்னைக்கு குடிச்சிருந்தாரா? நீங்க வாய மோந்து பாத்தீங்களா?"

மாலையும் கழுத்துமாக அவர் தலை கவிழ்ந்தது. ஒரு வருஷமாக எரிந்த நெஞ்சு குளிர்ந்தது. அந்த நிமிடத்தை மறுபடி வாழக் கிடைத்தால் மறுபடியும் அப்படியே செய்வேன்.

தெரபிஸ்ட் எழுந்தாள். அவளுக்கு என் கணக்கு எதுவும் தெரியாது. அறைந்ததை விட, வலிப்பு எப்படித் தொடங்கியது என்பதைப் பார்த்தால்தான் இவர்களுக்குப் பாடம், ஆரம்பம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மூத்தார் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "என்கிட்ட இருக்கு" என்றார். கோயில் செலவில் ஆள் வைத்து முழுத் திருவிழாவையும் படம் எடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

திரையில் நான் வந்தேன். என் கணவரின் கை வெட்டி இழுக்கிறது. நான் அவர் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையும் கூப்பி, எப்போது குணமாகும் சொல்லு தாயே என்று அழுது குறி கேட்கிறேன். பதில் வரவில்லை. திரும்பி உருமிக்காரர்களைக் கை காட்டிக் கூப்பிடுகிறேன், கிட்ட வாங்க, நல்லா அடிங்க என்று. இன்னும் பதில் வரவில்லை. தட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, கிட்டிப்போன அவர் பல்லுக்கு நடுவே வைத்துத் திணிக்கிறேன். எல்லாரிடமும் அவர்கள் அவர்கள் என்று சொல்லித் திரிந்தேனே, அது என் கை.

தெரபிஸ்ட் என் பக்கத்தில் வந்து நின்று, "வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது லா, அக்கா" என்றாள். அவளையும் அறையலாம் போல இருந்தது. மூத்தார் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு வருஷமாகக் கல்யாணம், கருமாதி என்று போகிற இடமெல்லாம் அவரைச் சபித்துக்கொண்டு திரிந்தேன். எந்த நாளிலும் அவர் இதை எடுத்துப் போட்டு என் வாயை அடைத்திருக்கலாம். போடவில்லை. அறைந்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன், இந்தப் பெருந்தன்மையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் வெளியே பெஞ்சுக்குப் போனார். நானும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வந்த வேலை முடிய வேண்டாமா? தம்பிக்கு முன்னால் அவர் குந்தி உட்கார்ந்து சொன்னதைப் பதிவு செய்தேன்.

"நீ குடிக்கலடா தம்பி. ஒனக்கு வலிப்பு வந்துச்சு. எனக்குத் தெரியல. அடிச்சது என் தப்புதான்."

இவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வருஷத் திருவிழாவில் உருமி மேளம் வெளிவாசலோடு நின்றது, மூத்தார் உத்தரவு. நாங்கள் உள்ளே போய்க் கும்பிட்டோம்.

இப்போது காலையில் இவர் கன்னத்தைத் தடவினால் நான் வாயைத் திறப்பதில்லை. கைப்பேசியைத் தட்டி மேசைமேல் வைத்துவிடுவேன். அந்தப் பெரிய மனிதர் என் சமையலறையில், தினமும், தப்புதான் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே கோப்பி கலக்குவேன். முதல்நாள் அது எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? கேட்டு முடித்ததும் இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ எங்க இருந்த?"

பெண்கள் பக்கத்தில் நின்றேன் என்று பொய் சொன்னேன். மறுநாள் பதிவைப் போட்டேன். அதே கேள்வி. பல நாள் அந்தப் பொய்யிலேயே ஓட்டினேன். போன வாரம் ஒருநாள் முடியவில்லை. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, பழத்தை வாயில் வைத்தது நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்ல, விடு" என்றார்.

நான் அழுதேன். பிறகு "சாப்பிடுங்க" என்றேன், சாப்பிட்டார். மறுநாள் காலையில் அவருக்கு அது எதுவும் நினைவில்லை. பதிவு ஓடி முடிந்ததும், நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார்.