கவிழ்த்துப் பார்த்த கப்புகள்

பழைய டீ செட் வியாபாரத்தில் சரக்கு உடைவதைவிட வியாபாரியின் மனம் உடைவதுதான் அதிகம். பழைய கடிகாரமோ, பித்தளைப் பூட்டோ வாங்கி விற்கிற யாராவது இதைப் படித்தால், நான் மேலே சொல்வதற்கு முன்பே தலையாட்டுவீர்கள். மாட்டுங்காவில் எனக்கும் காதர் பாய்க்கும் சேர்த்து ஒரு கடை. மூன்று பேர் உள்ளே வந்துவிட்டால் நான்காவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். வீடு காலி செய்கிறவர்களிடம் போய்ச் சரக்கு எடுத்து வருவது காதர் பாய். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலி. துடைத்து, அடுக்கி, விற்று, திட்டு வாங்குவது நான்.

அரைக் கட்டை

பீங்கான் கப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க விளிம்பில் விரலால் சுண்டுவோம். ‘டிங்’ என்று நீளமாக ஒலித்தால் நல்ல கப். ‘டொக்’ என்றால் எங்கேயோ விரிசல். இந்த ரகசியத்தை வாங்க வருகிறவர்களுக்குச் சொல்லக் கூடாது. நான் செட் வாங்க வந்த ஒரு பாலக்காட்டு மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ரோஜாப்பூ போட்ட செட்டின் ஆறு கப்பையும் மாற்றி மாற்றிச் சுண்ட ஆரம்பித்தார். வாசல்வரை வந்த இரண்டு பேர், உள்ளே ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து மாமா கண்ணைத் திறந்து ஒரு கப்பைத் தனியே நகர்த்தி வைத்தார். “இது இந்த செட்டைச் சேர்ந்ததில்லை” என்றார். அதே ரோஜா, அதே தங்கக் கோடு, நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பார்சல் கட்டிக்கொண்டிருந்த காதர் பாயின் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது. கொண்டுவரும் வழியில் ஒரு கப் உடைந்துபோய், வேறு செட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவர் சேர்த்து வைத்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கத்தோடு விலையைக் குறைக்கிறேன் என்றேன். மாமா சம்மதிக்கவில்லை.

“விலை கிடக்கட்டும், கப்பை மாத்திக் குடுங்கோ. என் மாப்பிள்ளை பாடறவர். சுருதி அரைக் கட்டை இறங்கின கப்புல காபி குடுத்தா, எழுந்து போயிடுவார்.”

எட்டு நாள் டீ

செம்பூரில் புதிதாக கஃபே திறக்கவிருந்த ஓர் இளைஞர் போட்டோவைப் பார்த்து ஒரு செட் பிடித்துப்போய் அதைத் தனக்கென்று எடுத்து வைக்கச் சொன்னார். நல்ல மனிதர் முதல்முதலாகத் தொழில் தொடங்குகிறாரே என்று காதர் பாய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, சோடா உப்பைப் போட்டுத் தேய்த்து, உள்ளே இருந்த டீக் கறையையெல்லாம் எடுத்துவிட்டார். வந்து பார்த்தவருக்கு முகம் விழுந்துவிட்டது. “அங்கிள், அந்த ப்ரௌன் கலர் எல்லாம் எங்க போச்சு? இது நேத்து மால்ல வாங்கின மாதிரி இருக்கு. எனக்கு அந்தப் பழசான, புரானா லுக்தான் வேணும்” என்றார்.

வந்த வியாபாரத்தை விட மனமில்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன். அன்றிலிருந்து கடையில் டீ என்றால் அந்த செட்டில்தான். கடுமையான டீயாகப் போடச் சொல்லி, ஆளுக்கு மூன்று கப்பை எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை குடித்தோம், கழுவாமல் வைத்தோம். எட்டாம் நாள் காதர் பாய் கப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“அண்ணாச்சி, இது புரானா ஆகுததுக்குள்ள நம்ம குடலு புரானா ஆயிரும் போலிருக்கே.”

வெள்ளைக்காரர் வருகை

தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் கொடுக்க ஆள் வருகிறார் என்று சொல்லி, கடையிலேயே உசத்தியான செட்டை எடுத்துப் போனார். எப்படி ஊற்ற வேண்டும், சர்க்கரைக் கிண்ணத்தை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டார். மறுநாள் சாயங்காலமே செட்டோடு திரும்பி வந்தார். ஆர்டர் கிடைத்துவிட்டதாம், அதில் குறையில்லை.

“ஒங்க செட்டை அவரு தொடவே இல்ல, எங்க ஆளுவ அரை டீ குடிக்கிற கட்டிங் கிளாஸைக் காட்டி அதுலதான் வேணும்ன்னுட்டாரு. இதுக்குத் தோதா வேற ஒரு வெள்ளைக்காரன் இருந்தா சொல்லுங்க.”

பெண் பார்க்கப் போனது

கல்யாணம் நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் அக்காவோடு எனக்கு இன்றைக்குப் பேச்சுவார்த்தையே இருந்திருக்காது. அக்கா மகனுக்குப் பெண் பார்க்க செம்பூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். அதற்கு முன்னால் நாலு இடம் தட்டிப்போயிருந்ததால், வாயைத் திறக்கக் கூடாது என்று அக்கா என்னிடம் ட்ரெயினிலேயே சொல்லியிருந்தாள். நான் திறக்கவில்லை. பெண் காபி கொண்டு வந்தாள். எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள். நான் கப்பைப் பார்த்தேன். மெல்லிய பீங்கான், பச்சைக் கோடு, கைப்பிடியில் ஒரு சின்ன இலை. இருபது வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த வகை.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் கப்பைக் கையில் வாங்கியதும் அடியில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. கவிழ்த்துவிட்டேன். பாதிக் காபி என் சட்டையில், மீதி பெண்ணின் அப்பா புதிதாகக் கட்டியிருந்த வேட்டியில். அதோடு நிறுத்தியிருக்கலாம். “முத்திரை அழியாமல் இருக்கிறதே, பால் ஜக்கும் இருக்கிறதா?” என்று கேட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பெண்ணின் அப்பா வேட்டியை உதறிவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்.

“கப்பு பிடிச்சிருக்குன்னு தெரியுது. பொண்ணைப் பத்தி எப்ப சொல்லுவீங்க?”

இரண்டு சனிக்கிழமை

ஆண்டாப் ஹில்லிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் ஒரு டீ செட்டை விற்க வந்தார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். அம்மாவுடைய செட். ஷோகேஸில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தவராம், பிள்ளைகளைத் தொடவே விட்டதில்லை. அம்மா போன பிறகு அது யாருக்கு என்பதில் சண்டை வந்து, இருவருக்கும் வேண்டாம் என்று விற்கிறார்கள். அவர்கள் கடையில் நின்ற பத்து நிமிஷமும் என்னிடம்தான் பேசினார்கள், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் அந்த அக்கா தனியாக வந்து, தங்கைக்குத் தெரியாமல் அதைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சனிக்கிழமை வரச் சொன்னேன். தங்கை காதர் பாய்க்குப் போன் செய்து, அக்காவுக்குச் சொல்லாமல் தனக்குத் தரும்படி கேட்டிருக்கிறார். அவரும் சனிக்கிழமை என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். காதர் பாய் பயத்தில் ஓடிப்போய் டீ வாங்கி வந்து, அந்த செட்டின் கெண்டியிலேயே ஊற்றிவிட்டு, “மொதல்ல குடிங்கம்மா, பொறவு பேசுவோம்” என்றார்.

அக்கா கெண்டியை எடுத்து, தங்கைக்கு ஊற்றினார். மூக்கிலிருந்து வந்த டீ கப்புக்குப் போகாமல், கெண்டியின் அடிவயிற்றோடு வழிந்து தங்கையின் சேலையில் சொட்டியது. வேண்டுமென்றே ஊற்றினாரோ என்று தங்கை முறைத்தார். கெண்டியைப் பிடுங்கி அக்காவுக்குத் தான் ஊற்றிப் பார்த்தார். அதுவும் அக்காவின் மடியில். இரண்டு பேரும் ஈரச் சேலையோடு ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். செட் ஆறு மாதம் அக்கா வீட்டில், ஆறு மாதம் தங்கை வீட்டில் என்று அங்கேயே முடிவானது. படி இறங்கும்போது தங்கை சொன்னது கடைக்குள் கேட்டது.

“அம்மா ஏன் பூட்டியே வச்சிருந்தான்னு இப்பல்லா தெரியுது. தெறந்து விட்டிருந்தா, வந்த சொந்தக்காரங்க அத்தனை பேரையும் குளிப்பாட்டியிருக்கும்.”

இத்தனை வருஷத்தில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது, நம் ஜனங்கள் டீ செட்டை எதற்கு வேண்டுமானாலும் வாங்குவார்கள், டீ குடிக்க மட்டும் வாங்க மாட்டார்கள் என்பதுதான்.