எண்பது கிலோவில் என் பங்கு

கல்லூரி நாட்களில் எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர் 'புயல்'. விடுதி ஜிம்மில் மற்றவர்கள் வைத்த பெயர் 'டேபிள் ஃபேன்'. இரும்பைத் தொட்ட நேரத்தைவிடக் கண்ணாடி முன் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரமே அதிகம்.

அடுத்தவன் ஐம்பது கிலோ போட்டால் நான் ஐம்பத்தைந்து போடுவேன். கண் பிதுங்கும், உதட்டில் மட்டும் அலட்சியப் புன்னகை.

என் அறைத்தோழன் இந்தப் போட்டியில் சேராதவன். கணிதப் பிரிவு, தடித்த மூக்குக்கண்ணாடி, வாரம் முழுக்க ஒரே சாம்பல் நிற பனியன். நான் பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியைத் தள்ளும்போது, அது என் மேல் விழாமல் தலைமாட்டில் நின்று காவல் காப்பது அவன் வேலை. நான் திணறினால் கம்பிக்கடியில் கை கொடுப்பான்.

"நான் சும்மா தொட்டுட்டுதான் இருக்கேன். எல்லாம் நீதான்டா, தள்ளு!"

கம்பி மேலே போகும். நான் எழுந்து கண்ணாடியைப் பார்ப்பேன். அவன் ஓரமாக நின்று கையை உதறிக்கொள்வான். மூன்று மாதத்தில் நான் எண்பது கிலோவை எட்டினேன். பருத்ததென்னவோ அவன் தோள்கள். விடுதிச் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

கல்லூரி வலுத்தூக்கும் அணியில் ஒரே ஓர் இடம் காலியானது. அது கிடைக்காவிட்டால் வாழ்வே இருண்டுவிடும் என்று நம்பினேன். தேர்வு நாளில் என் பரம எதிரி 'யானை' வாசலிலேயே வழிமறித்தான்.

"என்ன ஃபேன், இன்னிக்கு எத்தன ஸ்பீடு?"

"எண்பது," என்றேன், அடிக்குரலில்.

உடற்பயிற்சி ஆசிரியர் அறிவித்தார்: "கம்பிய வேற யார் தொட்டாலும் செல்லாது."

படுத்தேன். இறக்கினேன். கம்பி வந்த வேகத்தில் என் நெஞ்சில் குடியேறிவிட்டது. அண்ணாந்து பார்த்தால், அறைத்தோழன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண் கலங்கி நிற்கிறான். துரோகி! என் இதயம் நொறுங்கியது என்று எழுத ஆசைதான். நொறுங்கப் போனது விலா எலும்பு.

"டேய்... புடிடா..."

"புடிச்சா நீ அவுட்டுடா!"

"செத்துருவேன்டா!"

குனிந்தான். மொத்த எண்பதையும் ஒரே மூச்சில் தூக்கிக் கொக்கியில் மாட்டினான்.

"நீ பேரு குடுத்திருக்கியாப்பா?" என்றார் ஆசிரியர்.

"இல்ல சார். இவனுக்காகத்தான் வந்தேன்."

அழுதேன். வியர்வை என்று சமாளித்தேன். அவனை ஓரமாக இழுத்துப் போனேன்.

"இத்தன நாளா எவ்ளோடா தூக்கின?"

"பாதி... சில நாள் கொஞ்சம் கூட."

"ஏன்டா சொல்லல?"

"எழுந்ததும் உன் மூஞ்சில ஒரு சந்தோஷம் வரும் பாரு. கெடுக்க மனசு வரலடா."

"போய்ப் படு. அந்த எடம் உனக்குத்தான்."

"உன் எடத்துல நான் எப்படிடா..."

"அதுல நான் எப்படா இருந்தேன்?"

அவன் படிவத்தை நானே நிரப்பி நீட்டினேன். அவன் பெஞ்சில் படுத்ததும் தியாகச் சுடராகத் தலைமாட்டில் போய் நின்றேன். ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நீ கொஞ்சம் தள்ளி நில்லு. கம்பி விழுந்தா புடிக்க ஆள் வேணும்."

யானையைக் கூப்பிட்டு அங்கே நிறுத்தினார்.